தண்ணீர் போன வழி

லாரி வந்து நின்றதும் மற்ற மெக்கானிக்குகள் கேபினைத் தூக்கி எஞ்சினைப் பார்ப்பார்கள். அவர் டிரைவரைப் பார்ப்பார். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவரைப் போல, தலையிலிருந்து கால் வரை, அவசரமே இல்லாத ஒரு பார்வை. அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். "ஏலே, எங்கருந்து வாரே? எங்கெங்க நிறுத்துன? சாப்பிட எறங்குனியா, தூங்க எறங்குனியா?" வண்டிக்கு என்ன என்று மட்டும் கேட்க மாட்டார். அதை எஞ்சின் சொல்லிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு.

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் அவருடைய ஒர்க்‌ஷாப் இருந்தது. பெயர் வேண்டாம். அவர் பிள்ளைகள் அதே ஊரில் தொழில் செய்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். நான் இப்போது மம்சாபுரத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பிள்ளைகள் வெளியே வரும்வரை வாசலில் காத்துக் கிடக்கிற நேரத்தில் நோட்டில் இதை எழுதுகிறேன். பத்துச் சக்கர லாரியில் பாதி இந்தியாவைப் பார்க்க வேண்டிய வயதில் என்னை இந்த ஏழு மைலுக்குள் கட்டிப் போட்டவர் அவர். அதனால் இதில் நியாயத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பொய் இருக்காது.

முதலில் அவரைப் பற்றி நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அது தொண்டையிலேயே நிற்கும். அவர் கை சுத்தம். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் தரும் கமிஷனை வாங்காத ஒரே மெக்கானிக் அந்த ரோட்டில் அவர்தான். முதலாளிகள் வாங்கித் தரும் டீயைக்கூடக் குடிக்க மாட்டார். "குடிச்சா நாக்கு அவிய பக்கமாப் பேசும்லே" என்பார். தண்ணீர் குறைகிறது என்று வரும் வண்டிகளைப் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. விருதுநகர், சிவகாசியிலிருந்துகூட வண்டியைக் கொண்டுவந்து விடுவார்கள்.

டீசல் எஞ்சினுக்குள் ஓடுகிற தண்ணீர் குறைந்தால் அது ஏதோ ஒரு வழியாகத்தான் போயிருக்க வேண்டும். வெளியே ஒழுகலாம், ஆயிலில் கலக்கலாம், இல்லை சிலிண்டருக்குள் போய் எரியலாம். இதைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு முறை உண்டு. எஞ்சின் நன்றாகக் குளிரும்வரை யாரும் தொடக் கூடாது. குளிர்ந்ததும் ஹோஸ் மாட்டியிருக்கும் மூட்டுகளை எல்லாம் துணியால் துடைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த முகப்பவுடரைத் தூவுவார். ஊசி முனை அளவு கசிவு இருந்தாலும் பவுடர் ஈரமாகிக் காட்டிக் கொடுத்துவிடும். பிறகு ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பார்ப்பார். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் காப்பி நிறத்தில் இருக்கும். தண்ணீர் டேங்கில் குமிழி வந்தால் எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தம். கடைசியாக மூடியைக் கழற்றிவிட்டு, அழுத்தம் பார்க்கும் கைப்பம்பை மாட்டிக் காற்றை ஏற்றிவிட்டு, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அதன் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். முள் இறங்கினால் எங்கோ ஓட்டை. இறங்காவிட்டால் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு டிரைவர் பக்கம் திரும்புவார். "ஏலே, தண்ணிக்குக் கைகால் மொளச்சு எறங்கி நடந்தா போச்சு?" என்பார்.

அங்கிருந்து சூடம் தொடங்கும்.

ஒர்க்‌ஷாப் வாசலில் வேப்பமரம், அதன் அடியில் கருப்பசாமி படம். படத்துக்கு முன்னால் ஒரு பழைய பிஸ்டனை நிறுத்தி வைத்திருந்தார். பிஸ்டன் தலையில் இருக்கும் குழிவில் சூடத்தைப் போட்டுக் கொளுத்துவார். டிரைவர் "நான் செய்யலை" என்று சொல்லிவிட்டு எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அணைத்தவனை நம்பி எஞ்சினைத் திறந்துவிடுவார். அணைக்காவிட்டால் திறக்க மாட்டார். பம்பு முள்ளைப் பார்ப்பது போலத்தான் இதையும் பார்த்தார். அவருக்கு அதுவும் ஒரு கருவி.

சிரிக்காதீர்கள். அது வேலை செய்தது. தளவாய்புரத்து டிரைவர் ஒருவர், எஞ்சின் தண்ணீரில் கலக்க முதலாளி கொடுத்த கூலண்டை விற்றுவிட்டு எஞ்சினில் வாய்க்கால் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். சூடத்தைப் பார்த்ததும் ஓவென்று அழுது அங்கேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கான்சாபுரத்து டிரைவர் கதை வேறு. முதலாளி அவரை அடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு வந்தார். அந்த மனிதர் யோசிக்காமல் சூடத்தை அணைத்தார். அண்ணாச்சி இரண்டு நாள் எஞ்சினைப் பிரித்துப் போட்டு, சிலிண்டரின் உள்சுவரான லைனரில் கடுகளவு ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தார். முதலாளியை வரவழைத்து, அவர் விரலைப் பிடித்து அந்த ஓட்டையில் வைத்து, "இவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். முதலாளி சொல்லும்வரை விடவில்லை. நானும் அங்கே நின்றேன். அன்றைக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது எனக்கு. இப்போது நினைத்தால் வாயில் கசக்கிறது.

ஏழு வருடத்துக்கு முந்தைய ஆடியில் என் முறை வந்தது. நான் ஓட்டியது வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத புது வண்டி. செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்குச் சிமென்ட் லோடு. ஒவ்வொரு நடைக்கும் தண்ணீர் குறைந்தது. கீழே ஒரு சொட்டு ஈரம் கிடையாது. ஆயில் தெளிவாக இருந்தது. முதலாளி பச்சைக் கூலண்டை கேன் கேனாக வாங்கிக் கொடுத்தார், நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது கேன் தீர்ந்ததும் அவர் பார்வை மாறிவிட்டது. வண்டியை அண்ணாச்சியிடம் விடச் சொன்னார்.

நான் ஓட்டுகிறவன். எனக்குத் தெரிந்ததை அவரிடம் சொன்னேன். "அண்ணாச்சி, சமதரையில ஓடும்போது குறையல. லோடோட ஏத்தம் ஏறும்போதுதான் குறையுது. எஞ்சின் நல்லாச் சூடானா சைலன்சர்ல வெள்ளையாப் புகை வருது, இனிச்ச வாடை அடிக்குது."

"எங்க நிறுத்துன வண்டிய?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்லதான், வீட்டுப் பக்கம்."

"அப்பப் பால்கோவாக் கடைப் பக்கமா நிறுத்தியிருப்ப" என்றார். ஒர்க்‌ஷாப்பில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் கேவலம்.

எஞ்சின் குளிரட்டும் என்று மத்தியானம்வரை நிறுத்தி வைத்தார். பவுடர் தூவினார், ஆயிலை முகர்ந்தார், குமிழி பார்த்தார், பம்பை மாட்டி முள்ளைப் பார்த்தார். முள் அசையவே இல்லை. டேங்கில் விரலை விட்டு எடுத்து, பச்சை நிறம் கொஞ்சமும் வெளிறவில்லை என்பதை முதலாளிக்குக் காட்டினார். "சாதாத் தண்ணி கலக்கல. ஒழுக்கும் இல்ல. அப்பத் தண்ணி கொறஞ்சிருக்கவே முடியாது. மூணு கேனு எங்க போச்சு?" என்றார். அவர் கேட்டதில் தவறு சொல்ல முடியாது. நான் முதலாளியாக இருந்திருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

பிஸ்டன் மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். "அணைச்சிரு. பொறவு நான் எஞ்சினத் தொறக்கேன்."

நான் அணைக்கவில்லை.

என் மனைவிக்கு அப்போது மூன்றாம் மாதம். அதற்கு முன் இரண்டு தடவை மூன்றாம் மாதத்திலேயே கலைந்து போயிருந்தது. அதனால் இந்தத் தடவை நாங்கள் இருவரும் என் அம்மாவும் தவிர யாருக்கும் தெரியாது. இரண்டாவது தடவை கலைவதற்குப் பத்து நாள் முன்பு, ஒரு வரப்புத் தகராறில் நான் கோயிலில் சத்தியம் செய்திருந்தேன். உண்மையான சத்தியம்தான். ஆனால் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வயித்துல பிள்ளை இருக்கும்போது ஆம்பள நெசத்துக்கும் சத்தியம் பண்ணக் கூடாதுப்பா. அவகிட்டச் சொல்லிராத, மனசு விட்டுப் போவா" என்றாள். நான் இதையெல்லாம் நம்புகிறேனா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நம்பவில்லை என்று அந்தச் சூடத்தின் மேல் கையை வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"எஞ்சொல்லு போதாதா அண்ணாச்சி?" என்றேன்.

"சொல்லு போதும்னா நான் எதுக்குலே பம்பு வாங்கி வச்சிருக்கேன்?"

சூடம் எரிந்து முடிகிறவரை எல்லோரும் அதையே பார்த்து நின்றார்கள். கடைசியில் கொஞ்சம் கறுப்புதான் மிஞ்சியது. அண்ணாச்சி முதலாளியைப் பார்த்து, "இவன் அணைக்கல" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. முதலாளி கையை நீட்டினார், சாவியைக் கொடுத்தேன். பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். "வேலைய விட்டுட்டேன்" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தாள்.

கருப்பசாமி முன்னால் சூடம் அணைக்காதவன் என்ற பேச்சு எனக்கு முன்னாலேயே எல்லா லாரி ஆபீசுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ராஜபாளையத்தில் எவரும் எனக்குச் சாவி தரவில்லை. சிலர் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள், சிலர் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்கள். டீ வாங்கிக் கொடுத்தவர்களைத்தான் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

என் வண்டியை எடுத்த புது டிரைவருக்கும் இரண்டாவது நடையிலேயே தண்ணீர் குறைந்தது. அவர் நேராகப் போய்ச் சூடத்தை அணைத்தார். உடனே அண்ணாச்சி எஞ்சின் ஹெட்டைக் கழற்றினார். எல்லாம் நன்றாக இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று புதுக் கேஸ்கெட் போட்டு மாட்டினார். ஐப்பசி மழையில் ஆரியங்காவு ஏற்றத்தில் எஞ்சின் சூடாகி, பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொண்டு, வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. அதை வெளியூரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்துப் போனார்கள். அங்கே சுடச்சுட வைத்துப் பரிசோதித்த பிறகு காரணம் தெரிந்தது. இந்தக் காலத்து வண்டிகளில் எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள்ளேயே அனுப்புகிறார்கள். அதற்கு முன் அந்தப் புகையைத் தண்ணீரால் குளிர வைக்க ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. ஈஜிஆர் கூலர் என்பார்கள். அதன் உள்ளே மயிரிழை மாதிரி ஒரு விரிசல். குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டிருக்கும், சூடானால் திறந்துகொள்ளும். தண்ணீர் அந்த வழியாகப் புகையோடு புகையாகச் சைலன்சரில் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

ஏற்றத்தில்தான் குறைகிறது என்றேன். சூடானால்தான் என்றேன். இனித்த வாடை என்றேன். அவர் ஆயுசு முழுக்க எஞ்சினைக் குளிர வைத்துத்தான் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஒருவன் சொன்னதை ஒரே ஒரு தடவை காதில் போட்டுக்கொண்டிருந்தால் போதும்.

விஷயம் தெரிந்த அன்றே கிளம்பிப் போனேன். எனக்கு வேலை வேண்டாம், ஒன்றும் வேண்டாம், கான்சாபுரத்து டிரைவருக்கு வாங்கிக் கொடுத்தாரே, அந்த ஒரு வார்த்தை மட்டும் வேண்டும். அது கிடைத்தால் மறுபடி லாரி ஏறலாம். ஒர்க்‌ஷாப்பில் டிரைவர்கள் மூன்று பேரும் முதலாளிகள் இரண்டு பேரும் இருந்தார்கள். நல்லதாகப் போயிற்று, எல்லோர் காதிலும் விழட்டும் என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, தண்ணி எங்க போச்சுன்னு இப்பத் தெரிஞ்சிருச்சுல்லா. நான் எடுக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

அவர் லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "நீ எடுத்தன்னு நான் எப்பம்லே சொன்னேன்?"

"இவிய எல்லாம் அன்னைக்கு நின்னாக. கேட்டுக்கோ. நீ அணைக்கலன்னு சொன்னேன். அணைச்சியா நீ? இல்லல்லா. பொறவு என்ன? நீ அன்னைக்கே அணைச்சிருந்தா நான் அன்னைக்கே எஞ்சினத் தொறந்திருப்பேன். செத்த நேரம் முன்னப்பின்ன ஆனாலும் கண்டுபிடிச்சிருப்பேன். அந்த எஞ்சின் போனதே உன்னாலதாம்லே."

அவர் கோபத்தில் பேசவில்லை. ஸ்பானர் எங்கே என்று கேட்கிற குரலில் சொன்னார். அவர் மனதறிந்து பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. காரணத்தை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். என் மனைவியின் வயிற்றை அங்கே கிரீஸுக்கும் டயருக்கும் நடுவே ஐந்து பேர் முன்னால் பேச்சாக்க எனக்கு மனம் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். தையில் மகள் பிறந்தாள். அடுத்த வருடம் பள்ளிக்கூட வேன் கிடைத்தது.

போன புரட்டாசியில் கடைசிச் சனிக்கிழமை திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்க மூன்று பேரும் போனோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து மலைதான். அன்றைக்குக் கூட்டம் நெரிந்தது, வரிசை படிக்கட்டிலேயே நின்றுவிட்டது. இரண்டு படி மேலே ஒருவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, வருகிறவர்களை எல்லாம் தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தப் பார்வையை வைத்து இன்னார் என்று தெரிந்துவிட்டது. கண் ஆபரேஷன் செய்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். தொழிலைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

என்னை அடையாளம் கண்டுகொண்டார். மகளைப் பார்த்து, "எம்புட்டு வயசு தாயி ஒனக்கு?" என்றார்.

"ஆறு. தை வந்தா ஏழு" என்றாள்.

அவருடைய கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் நகர ஆரம்பித்தது. தை, மார்கழி, கார்த்திகை என்று உதடு முணுமுணுத்தது. ஆடியில் வந்து நின்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் மனைவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அதுக்குத்தானாலே அணைக்கல?"

"ஆமா."

பெருமாளே, இப்போதாவது சொல்லட்டும் என்று நினைத்தேன். சொல்லாமல் இருக்க முடியாது என்றுதான் நினைத்தேன். ஐந்தாறு பேர் கேட்கும் தூரத்தில் நின்றார்கள், அது போதும் எனக்கு.

"வாயத் தொறந்து சொல்லியிருக்கணும்லே. நான் மெக்கானிக்கா, சோசியக்காரனா?" என்றார். வரிசை நகர்ந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டார்.

சாமி கும்பிட்டுவிட்டு இறங்கும்போது மனைவி கேட்டாள். "அந்தப் பெரியவர் அதுக்குத்தானான்னாரே, எதக் கேட்டாரு?"

அம்மா உயிரோடு இல்லை. இனி மறைக்க ஒன்றும் இல்லை. வரப்புத் தகராறில் செய்த சத்தியத்தையும், அது உண்மையான சத்தியம் என்பதையும், நிஜத்துக்கும் சத்தியம் செய்யக் கூடாது என்று அம்மா சொன்னதையும் சொன்னேன். அவளுக்கு எப்போதோ புரிந்திருக்கும், வாய்விட்டுச் சொல்லாத குறைதான் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஊர் முழுக்கப் பேசியபோதும் அவள் ஒருநாள்கூட என்னை ஏன் என்று கேட்டதில்லை. தண்ணீர் எந்த வழியாகப் போனது என்று நானும் வீட்டில் சொன்னதில்லை.

அவள் படியில் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள்.

"அப்ப நெசமாவே நீங்க எடுக்கலையா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"பொய்ச் சத்தியம் பண்ணா பிள்ளைக்கு ஆகாதுன்னு பயந்துதான் அணைக்காம வந்தீகன்னு நெனச்சேன்" என்றாள். "எடுத்தது தப்புன்னாலும், பிள்ளைய நெனச்சாரேன்னு இருந்துச்சு. நான் அன்னைக்கே மன்னிச்சிட்டேங்க."

"என்னத்தம்மா அப்பா எடுத்தாக?" என்று மகள் கேட்டாள்.